பத்தடி மண்ணில் ஒரே ஒரு மரம்: கொய்யாவா, மாவா, சீத்தாவா?

தங்கை குடும்பம் போன மாதம் ஹொரமாவுப் பக்கம் சொந்த வீட்டில் பால் காய்ச்சிக் குடிபோனது. 30க்கு 40 சைட்டில் கட்டிய வீடு, பின்பக்கம் பத்தடிக்கு எட்டடி மண் தரை விட்டு வைத்திருக்கிறார்கள், மேலே மொட்டைமாடி. மறுநாளே போன் வந்தது. "அக்கா, இங்க ஒரு பழ மரம்தான் வைக்க முடியும், எது வைக்கட்டும் சொல்லு" என்றாள். அந்தப் பேச்சு மூன்று நாள் நீண்டுவிட்டது, ஏனென்றால் என் வீட்டுக்காரர் மாமரம்தான் என்றார், அவள் மாமியார் வாழை என்றார், அவள் வீட்டுக்காரர் ஏதோ நர்சரியில் ரம்புட்டான் கன்று பார்த்துவிட்டு வந்து அதிலேயே நின்றார். நான் ராமமூர்த்தி நகர் வீட்டில் பதினொரு வருடமாக இதில் பாதியை நட்டிருக்கிறேன், சிலதைப் பிடுங்கியிருக்கிறேன், எல்லாவற்றையும் தின்று பார்த்திருக்கிறேன். பெங்களூரில் இதே அளவு இடத்தை வைத்துக்கொண்டு யோசிக்கிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்பதால் அவளுக்குச் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் பழனிப் பக்கத்துக்காரி. ஆயக்குடிக் கொய்யாவைப் பஸ் சன்னல் வழியாகக் கூடைக்காரம்மாவிடம் வாங்கித் தின்று வளர்ந்தவள். வீட்டுக்காரர் கிருஷ்ணகிரி, அங்கே மே மாதம் என்றால் வீடு முழுக்க மாம்பழ வாசனைதான். ஆளுக்கு ஒரு பாசம் இருக்கும், எனக்கும் இருக்கிறது. அதைக் கழித்துக்கொண்டே படியுங்கள்.

இத்தனை வருடத்தில் நான் பிடித்துக்கொண்ட கணக்கு இதுதான்: ஒரே ஒரு குழிதான் தோண்ட முடியும் என்றால், கடையில் வாங்குகிற பழத்துக்கும் மரத்திலிருந்து பறிக்கிற பழத்துக்கும் ருசியில் எதற்குத் தூரம் அதிகமோ அதை நடுங்கள். உங்களுக்கு மிகவும் பிடித்த பழம் அதுவாகவே இருக்க வேண்டியதில்லை. பிடித்த பழம் கடையில் நன்றாகவே கிடைக்கிறது என்றால் அதற்குக் குழி எதற்கு?

இந்தத் தூரம் பழத்துக்குப் பழம் ஏன் மாறுகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மாவும் வாழையும் காயாக இருக்கும்போதே மாவுச்சத்தைச் சேர்த்து வைத்துக்கொள்கின்றன, பறித்த பிறகு அதுதான் சர்க்கரையாக மாறுகிறது. அதனால் நன்றாக முற்றிய மாங்காயைப் பறித்து வைக்கோலில் வைத்தால் மரத்தில் பழுத்ததற்குக் குறைவில்லாமல் பழுக்கும், சில ரகம் மரத்தில் பழுத்ததைவிட நன்றாகவே இருக்கும். பப்பாளிக்கு அப்படிச் சேமிப்பு கிட்டத்தட்டக் கிடையாது. பறித்த அன்று எவ்வளவு இனிப்போ அவ்வளவுதான், அதற்குப் பிறகு மஞ்சளாகும், மெத்தென்று ஆகும், இனிப்பு மட்டும் ஏறாது. அன்னாசி, மாதுளை, திராட்சை, டிராகன் பழம் எல்லாம் இதே கதைதான். அத்தியும் மல்பெரியும் பழுத்தால் ஒரு நாள்கூட வண்டிப் பயணம் தாங்காது, அதனால் அரைப்பழத்திலேயே பறிக்கிறார்கள் அல்லது கடைக்கே அனுப்புவதில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வருவோம்.

அதற்கு முன் வெயில். தங்கையிடம் நான் முதலில் கேட்டது "பின்பக்கம் எந்தத் திசை?" என்றுதான். நம் ஊர்த் தெருக்களில் இரண்டு பக்கமும் மூன்று மாடி எழும்பி நிற்கும்போது தரையில் மூன்று மணி நேர வெயில் கிடைத்தாலே பெரிது. பெங்களூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை உச்சி வெயில் தலைக்கு மேலோ சற்று வடக்கிலோ நிற்கும், மற்ற மாதங்களில் தெற்கே சாய்ந்துவிடும். அதாவது வீட்டுக்கு வடக்குப் பக்கம் உள்ள இடத்தை மே மாதம் பார்த்தால் பளிச்சென்று வெயில் இருக்கும், டிசம்பரில் போய்ப் பார்த்தால் நாள் முழுக்க நிழல். குளிர்காலத்தில் காய்க்கிற மரத்தை அங்கே நட்டால் இலை மட்டும்தான் பார்க்கலாம். ஆறு மணி நேரமாவது நேர் வெயில் விழவில்லை என்றால் தரையில் பழ மரமே வேண்டாம், எல்லாவற்றையும் மாடியில் டிரம்மில் வையுங்கள். தங்கை வீட்டுப் பின்பக்கம் கிழக்கு, பக்கத்து சைட் காலி. தப்பித்தாள்.

சரி, மாமரம். வீட்டுக்காரருக்காகவே இதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பெங்களூரில் மாம்பழம் கிடைக்கிற மாதிரி வேறு எந்த ஊரில் கிடைக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இங்கே பாதாமி என்று விற்கிற அல்போன்சா, ரசபுரி, மல்கோவா, செந்தூரா, பங்கனப்பள்ளி, மல்லிகா, கடைசியில் நீலம். சீசன் வந்தால் லால்பாகில் மாம்பழ மேளா போட்டு விவசாயிகளே நேரடியாக விற்கிறார்கள், தோட்டக்கலை விவசாயிகளின் கூட்டுறவான ஹாப்காம்ஸ் கடைகளிலும் வருகிறது. கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பது சட்டப்படி தடை என்றாலும் அந்தப் பயம் உள்ளவர்கள் முற்றிய காயாக வாங்கி வீட்டிலேயே அரிசி டிரம் பக்கத்தில் வைக்கோலில் பழுக்கவைத்துக்கொள்ளலாம், ருசி குறையாது. அப்படியிருக்கும்போது இருக்கிற ஒரு குழியை மாவுக்குக் கொடுத்தால், நான்கைந்து வருடம் காத்திருந்து, வருடத்தில் மூன்று வாரம் பழம் பறித்து, பாக்கி நாளெல்லாம் சருகு கூட்ட வேண்டும். அல்போன்சா ஒரு வருடம் காய்த்தால் அடுத்த வருடம் ஓய்வு எடுக்கும், பழத்தை அறுத்தால் உள்ளே வெள்ளையாகப் பஞ்சு போல ஆகிப்போயிருப்பதும் அதில்தான் அதிகம். நீலத்தில் கொட்டைக்குள் வண்டு. ஜனவரிப் பனியில் பூங்கொத்து முழுக்கச் சாம்பல் நோய் வந்து நிற்கும்போது வருகிற வருத்தம் வேறு.

எங்கள் வீட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். வீடு கட்டின வருடம் ஒரு நர்சரியில் இமாம் பசந்த் ஒட்டுக்கன்று என்று சொல்லிக் கொடுத்ததை ஆசை ஆசையாக வாங்கி வந்து நட்டோம். ஐந்தாவது வருடம் முதல் காய் வந்தது, நுனி வளைந்த கிளிமூக்கு. ஊறுகாய்க்கு நல்ல காய்தான், ஆனால் நாங்கள் ஐந்து வருடம் தண்ணீர் ஊற்றியது அதற்காக இல்லை. மரம் நடுவதில் இதுதான் பெரிய ஆபத்து, தப்பு தெரியவே நான்கைந்து வருடம் ஆகும். ரகம் முக்கியம் என்று நினைத்தால் ஹெசரகட்டாவில் இருக்கிற இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்திலோ, வேளாண் பல்கலைக்கழகம் இருக்கிற ஜி.கே.வி.கே.யிலோ, லால்பாகில் நர்சரிக்காரர்களின் கூட்டுறவுச் சங்கத்திலோ விசாரித்து வாங்குங்கள், தள்ளுவண்டியில் வருகிற கன்றை நம்பாதீர்கள்.

அப்படியும் மா வேண்டும் என்றே மனம் அடித்துக்கொண்டால் ஆம்ரபாலி வையுங்கள். தசேரியையும் நீலத்தையும் இணைத்து டெல்லி பூசா நிறுவனத்தில் உருவாக்கின குட்டை ரகம், தோப்புகளிலேயே எட்டடிக்கு எட்டடி இடைவெளியில் நெருக்கமாக நடுகிறார்கள், வருடா வருடம் காய்க்கும். பழம் சின்னது, சதை நல்ல ஆரஞ்சு நிறம், நாரில்லை. பாதி டிரம்மில் மாடியில் வைத்தாலும் பத்துப் பதினைந்து பழம் தரும். இதற்கு அக்கா முறையில் ஒன்று மல்லிகா, அதே இரண்டு பெற்றோர், தாயும் தந்தையும் இடம் மாறினது. ருசியில் எனக்கு மல்லிகாதான் மேல், தேன் போல ஒரு கனமான இனிப்பும் பின்னால் மெல்லிய புளிப்பும் இருக்கும், ஆனால் மரம் பெரிதாகும். மல்லிகாவை நாங்கள் பெட்டியாக வாங்கிக்கொள்கிறோம்.

பப்பாளி. தூரம் என்று பார்த்தால் இதற்குத்தான் முதலிடம் கொடுக்க வேண்டும். கடையில் வாங்குகிற பப்பாளி தோலில் ஒரு மஞ்சள் கீற்று தெரிந்ததும் பறித்தது, லாரியில் அடிபடாமல் வர அதுதான் வழி. வீட்டில் பாதிப் பழம் மஞ்சளாகும் வரை மரத்தில் விட்டுப் பறித்து, செய்தித்தாளில் சுற்றி இரண்டு நாள் வைத்து அறுத்துப் பாருங்கள். பப்பாளியே பிடிக்காது, அந்த நெடி ஆகாது என்று சொல்லிக்கொண்டிருந்த என் மகன் கரண்டியை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான். பாதிக்கு மேல் விடக்கூடாது, குயிலும் அணிலும் முந்திக்கொள்ளும். பக்கத்து வீட்டுக் கன்னடப் பாட்டி இதைப் பரங்கி ஹண்ணு என்பார், முதல் வருடம் அவர் பரங்கி கேட்டபோது நான் பூசணிக் கீற்றை எடுத்துக்கொண்டு போய் நின்றது ஞாபகம் இருக்கிறது.

ரகம் என்றால் தைவானிலிருந்து வந்த ரெட் லேடி எல்லா இடத்திலும் கிடைக்கும், நன்றாக இருக்கும், ஆனால் ஒரு பழம் ஒன்றரை இரண்டு கிலோ, நான்கு பேர் வீட்டில் இரண்டு நாளைக்குத் தின்ன வேண்டும். ஹெசரகட்டாவின் அர்க்கா சூர்யா முக்கால் கிலோ அளவுதான் வரும், ஒரு வேளைக்குச் சரியாக இருக்கும், சதை கெட்டியாக, சிவப்பும் ஆரஞ்சும் கலந்த நிறத்தில், நெடி குறைவாக. எனக்கு அதுதான் பிடித்தம். இந்த இரண்டு ரகத்திலும் ஆண் மரம் தனியாக வராது, எந்தக் கன்றை நட்டாலும் காய்க்கும். பழைய நாட்டு விதையைப் போட்டால் பாதி ஆண் மரமாகப் போகலாம்.

பிறகு ஏன் பப்பாளிக்குக் குழியைக் கொடுக்கவில்லை? ஆயுள் குறைவு. ஒன்பது பத்து மாதத்தில் பழம் தர ஆரம்பிக்கும், இரண்டு மூன்று வருடத்தில் முடிந்துவிடும். வளையப் புள்ளி வைரஸ் இங்கே சர்வசாதாரணம், அசுவினிப் பூச்சி பரப்புகிறது, இலை கயிறு போலச் சுருங்கும், காயில் வட்ட வட்டமாகத் தடம் விழும், பழம் சப்பென்று ஆகும். மருந்தே கிடையாது, வேரோடு பிடுங்க வேண்டியதுதான். எனக்கு நான்கு மரத்தில் இரண்டு அப்படிப் போனது. செப்டம்பர் மழையில் இரண்டு நாள் வேரில் தண்ணீர் நின்றாலும் போய்விடும். அப்புறம் ஜனவரிக் குளிரில் பழுக்கிற பழம் மே மாதப் பழம் அளவுக்கு இனிக்காது. ஆனால் பப்பாளியைக் கைவிடவும் தேவையில்லை, அதற்கு ஒரு வழி இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

கொய்யா. இங்கேதான் நான் நிறைய நேரம் செலவழித்திருக்கிறேன். கடையில், வண்டியில் கிடைக்கிற கொய்யா எப்படி இருக்கிறது? பச்சையாக, கடிக்கும்போது நறநறவென்று, உப்பும் மிளகாய்த்தூளும் போட்டால்தான் இறங்குகிற மாதிரி. அதுவும் ஒரு ருசிதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கொய்யாவின் வாசனை பழுத்த கடைசி இரண்டு நாளில்தான் முழுதாக வருகிறது, அந்த இரண்டு நாளைக் கடைக்காரரால் உங்களுக்கு விற்க முடியாது, கை பட்டாலே நசுங்கிவிடும். மரம் வைத்திருப்பவருக்கு மட்டும் கிடைக்கிறது. காலையில் கதவைத் திறந்ததும் வாசனை வந்தால் ஒரு பழம் தயார் என்று அர்த்தம்.

போன டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்து ரகத்தை ஒரே தட்டில் வைத்து வீட்டில் எல்லோரும் தின்று பார்த்தோம். இரண்டு எங்கள் மரம், பாக்கியெல்லாம் தெரிந்தவர்கள் வீட்டிலும் தோட்டத்திலும் கேட்டு வாங்கியது. அலகாபாத் சஃபேதா வெள்ளைச் சதை, தோல் வழவழப்பு, வாசனையில் மற்ற நான்கையும் தூக்கி வைத்துவிட்டது, பழுத்ததும் வாயில் வெண்ணெய் போல இறங்கும், விதை மட்டும் பல்லுக்கு வேலை கொடுக்கும். லக்னோ 49 என்கிற சர்தார், தோல் கொஞ்சம் முண்டும் முடிச்சுமாக இருக்கும், உள்ளே இனிப்போடு ஒரு சின்னப் புளிப்பு, ஆயக்குடி ஞாபகம் வந்தது அதில்தான். அர்க்கா கிரண் ஹெசரகட்டாவில் உருவான ரகம், சதை ஆழ்ந்த ரோஸ் நிறம், உருண்டையாகக் கைக்கு அடக்கமாக, பழுத்த பிறகும் இரண்டு மூன்று நாள் கெட்டியாக நிற்கும், ஜூஸ் போட்டால் நிறத்துக்கே குடிக்கலாம். நர்சரிகளில் இப்போது எங்கே போனாலும் தைவான் பிங்க் தான், கன்று வைத்த ஒரு வருடத்துக்குள் காய்த்துவிடும் என்பதுதான் அதன் பலம். அரைப்பழத்தில் மொறுமொறுப்பாக நன்றாக இருக்கிறது, முழுக்கப் பழுத்தால் சட்டென்று குழைந்துவிடுகிறது. தாய்லாந்துப் பெரிய கொய்யா ஒன்று அரைக் கிலோ, பார்க்க அழகு, ருசி வெள்ளரிக்காய்க்கும் பேரிக்காய்க்கும் நடுவில். குழந்தைகள் ஓட்டு அர்க்கா கிரணுக்குப் போனது, எனக்கும் வீட்டுக்காரருக்கும் சஃபேதா.

கொய்யாவுக்கு இன்னொரு பெரிய வசதி, அது புதுத் துளிரில்தான் பூக்கும். அதனால் எவ்வளவு வெட்டினாலும் நமக்கு லாபம். மரத்தை ஏழடிக்கு மேல் விடாமல் வைத்துக்கொள்ளலாம், ஏணி தேவையில்லை, பத்தடி இடத்தில் காம்பவுண்டுச் சுவரைத் தாண்டாது, வேரும் அடித்தளத்தை ஒன்றும் செய்யாது. மே மாதம் கவாத்து செய்தால் ஜூலையில் பூ, நவம்பர் டிசம்பரில் பழம். இந்தக் குளிர்காலப் பழம்தான் கொய்யாவில் உச்சம். மழைக்காலத்தில் வருகிற பழம் தண்ணீராக இருக்கும், பழ ஈ வேறு விடாது, அறுத்தால் உள்ளே புழு நெளியும். அந்த மழைக்காலக் காய்ப்பை அப்படியே தவிர்க்கத்தான் மே மாதக் கவாத்து. வருகிற பூவும் பிஞ்சும் போகிறதே என்று முதல் வருடம் எனக்குக் கை வரவில்லை, இப்போது யோசிக்காமல் வெட்டுகிறேன். மீதி ஈக்கு, மெத்தில் யூஜினால் வைத்த பொறி ஒன்று தொங்கவிட்டால் ஆண் ஈக்கள் வந்து விழும். எலுமிச்சை அளவு வந்ததும் ஒவ்வொரு காய்க்கும் பழைய வலைத்துணியில் பை தைத்துக் கட்டிவிடுவது அதைவிட நிச்சயம். மாவுப்பூச்சி வரும், வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசலும் போதும். கன்று வாங்கும்போது வேரைப் பாருங்கள், முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தால் நூற்புழு, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

சீத்தா கொய்யாவுக்குச் சரியான போட்டி. எனக்கே ஒரு வாரம் குழப்பமாக இருந்தது. மரம் சின்னது, தண்ணீர் அதிகம் கேட்காது, குளிரில் இலை உதிர்த்துவிட்டுத் தூங்கும், மழை வந்தால் தானாக எழுந்து காய்க்கும், ஆடு மாடுகூட வாய் வைக்காது. ஆனால் என் கணக்குப்படி தூரம் குறைவு. சீத்தாவைக் கண் விரிந்து இடுக்கில் வெளுப்புத் தெரிந்ததும் பறித்து அரிசிக்குள் வைத்து மூன்றாம் நாள் தின்பதுதான் வழக்கம், மரத்திலேயே விட்டால் வெடித்துவிடும் அல்லது வௌவாலுக்குப் போகும். ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை சுற்றுப்பட்டுக் கிராமத்துப் பெண்கள் கூடையில் கொண்டுவருவதும் அதே பழம்தான். வீட்டில் வைப்பதானால் கடையில் அதிகம் பார்க்க முடியாத அர்க்கா சஹன் வையுங்கள், ஐலண்டு ஜெம் என்ற அட்டிமோயாவையும் (இதுவே சீத்தாவின் ஒரு கலப்பினம்) மாமத் என்ற சீத்தாவையும் இணைத்தது, கொட்டை மிகக் குறைவு, தித்திப்பு அவ்வளவு, பழுத்த பிறகும் உடனே உடையாது. ஒரே பாடு, நிறையக் காய் வேண்டுமென்றால் கையால் மகரந்தம் சேர்க்க வேண்டும். நன்றாக விரிந்த பூவில் தூளைத் தட்டி எடுத்து, பாதி விரிந்த பூவுக்குள் பிரஷ்ஷால் தடவ வேண்டும். காலையில் அரை மணி நேரம் இதற்கு ஒதுக்க முடிகிறவர்களுக்கு இது கொய்யாவைவிட மேல் என்றே சொல்வேன். தங்கை காலை ஏழரைக்கு ஆபீஸ் கேப் ஏறுகிறவள்.

வாழையை அவள் மாமியார் சொன்னதில் நியாயம் இருக்கிறது. பழத்துக்காக மட்டும் என்றால் தேவையில்லை, ஏலக்கி வாழை தெருவுக்குத் தெரு தொங்குகிறது. ஆனால் நம் வீட்டு வாழை என்றால் இலை, பூ, தண்டு, காய் எல்லாம் சேர்ந்ததுதானே. பூவனும் கற்பூரவல்லியும் இங்கே எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை, அல்சூர் மார்க்கெட் பக்கம் போனால் சில நாள் கிடைக்கும். ரஸ்தாளி வைக்க ஆசைப்படுவார்கள், வாடல் நோய்க்கு அது சீக்கிரம் மடியும், பூவன் அதைத் தாங்கும். ஈட்டி இலை விட்ட கன்றாகப் பார்த்து எடுக்க வேண்டும், அகல இலை விட்ட நீர்க்கன்று வேண்டாம். பிரச்சினை தண்ணீர்தான். 2024 மார்ச்சில் இந்த ஊரில் குடிநீரைத் தோட்டத்துக்கு விடக்கூடாது, விட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று வந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த இரண்டு மாதமும் எங்கள் கொய்யா அரிசி கழுவின தண்ணீரிலும் காய்கறி அலம்பின தண்ணீரிலும் தாக்குப்பிடித்தது. வாழையால் முடியவில்லை, இலையெல்லாம் தொங்கி நடுவில் ஒடிந்தது. துணி துவைக்கிற இடத்துத் தண்ணீரைக் குழாய் போட்டு வாழைக்குத் திருப்ப முடிகிற வீடாக இருந்தால் தாராளமாக வையுங்கள்.

பலா இந்த இடத்துக்குப் பேச்சே கிடையாது, மரம் வீட்டைவிடப் பெரிதாகும். தூபகெரெ பலாவும் சிவப்புச் சுளையும் சீசனில் சுளையாகவே கிடைக்கும். சப்போட்டா தொல்லை இல்லாத மரம், நகத்தால் கீறினால் பச்சை தெரியாத காயாகப் பார்த்துப் பறித்து வைத்தால் போதும், ஆனால் கடையிலும் அதே ருசிதான். வெண்ணெய்ப் பழம், அதாவது இங்கே எல்லோரும் பட்டர் ஃப்ரூட் என்கிறது, பெங்களூர்க் குளுமைக்கு நன்றாக வரும், விலையும் அதிகம், ஆனால் அது மரத்தில் பழுக்கவே பழுக்காது, பறித்த பிறகுதான் பழுக்கும். பணம் மிச்சம் என்பதற்காக வைக்கலாம், ருசிக்காக வேண்டாம்.

ரம்புட்டானும் மங்குஸ்தானும் துரியனும் வேறு கதை. அவை சூடும் ஈரமும் வருடம் முழுக்கக் கேட்கிறவை, கேரளத்தில் வரும், மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் வழியில் கல்லாறு, பர்லியாறு பழப்பண்ணைகளில் வளர்கின்றன. பெங்களூர் கடல் மட்டத்துக்கு 900 மீட்டர் மேலே, ஜனவரி இரவு 15 டிகிரிக்கு இறங்கும், மார்ச்சில் காற்று காய்ந்துபோய் இலை ஓரமெல்லாம் கருகும். தங்கை வீட்டுக்காரரிடம் "மாப்பிள்ளை, அந்தக் காசுக்கு சீசனில் கூடை கூடையாக வாங்கித் தின்னலாம்" என்று என் வீட்டுக்காரர் சொன்னதும்தான் விட்டார்.

மாடிக்கு வருவோம், இங்கேதான் அந்தத் தூரக் கணக்கு இன்னும் நன்றாக வேலை செய்கிறது. மல்பெரி ஒரு குச்சியை ஒடித்து வைத்தால் வந்துவிடும், கடையில் கிடைக்கவே கிடைக்காத பழம். கிளையை வெட்டி இலையை உருவிவிட்டால் புதுத் துளிரோடு காயும் வரும், வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை. முழுக்கக் கறுத்து, தொட்டால் கையோடு வருகிற பழம்தான் ருசி, சிவப்பாக இருக்கும்போது பறித்தால் வெறும் புளிப்பு. தரையில் விழுந்தால் கறை போகாது, துணி காயப்போடுகிற கொடிக்குக் கீழே வைக்காதீர்கள். அத்தியை நான் இரண்டாவதாகச் சொல்வேன். கழுத்து வளைந்து தொங்கி, அடியில் ஒரு சொட்டுத் தேன் எட்டிப் பார்க்கும்போது பறித்த அத்தியைத் தின்றவர்கள் கடையில் பெட்டியில் வைத்த அத்தியைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மழைக்காலத்தில் இலையில் துரு நோய் வரும், அந்த இலைகளைக் கிள்ளிப் போட்டுவிட வேண்டும். டிராகன் பழம் வைப்பதானால் உள்ளே சிவப்பாக இருக்கிற ரகம், வெள்ளையில் ருசி மட்டு. கொடித்தோடை, அதுதான் பேஷன் ஃப்ரூட், ஊதா ரகமாகப் பார்த்துப் படிக்கட்டுக் கிரில்லில் ஏற்றிவிட்டால் போதும், தானாகக் கீழே விழுந்து தோல் சுருங்கின பழத்தைத்தான் எடுக்க வேண்டும். நட்சத்திரப் பழம் அழகாகக் காய்க்கும் என்றாலும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இருக்கிற வீட்டில் வைக்கவே வேண்டாம், அவர்களுக்கு அது விஷம் போல வேலை செய்யும்.

மாடியில் எடையைக் கவனியுங்கள். 200 லிட்டர் நீல டிரம்மைப் பாதியாக அறுத்து மண் நிரப்பி நனைத்தால் ஒவ்வொன்றும் நூறு கிலோவைத் தாண்டும். தூண் மேலோ பீம் மேலோ ஓரமாக வையுங்கள், நடுவில் வேண்டாம். செம்மண்ணை மட்டும் போடாமல் தென்னை நார்க்கழிவும் தொழு உரமும் சரிபாதி கலந்தால் எடையும் குறையும், வேரும் ஓடும்.

கடைசியில் தங்கைக்கு நாங்கள் முடிவு செய்தது இப்படி. குழி கொய்யாவுக்கு, குழந்தைகள் இருக்கிற வீடு என்பதால் சஃபேதாவை விட்டுவிட்டு அர்க்கா கிரண். கொய்யா பரந்து விரிய மூன்று வருடம் ஆகும், அதுவரை பாக்கி இடம் சும்மாதானே கிடக்கும், அதில் ஐந்தாறடி தள்ளி ஒரு அர்க்கா சூர்யா பப்பாளி. பப்பாளி முடிகிற நேரத்தில் கொய்யா அந்த வெயிலை எடுத்துக்கொள்ளும். பப்பாளி இருக்கிற பக்கம் மண்ணை அரையடி மேடாக்கச் சொல்லியிருக்கிறேன், மழைத் தண்ணீர் நிற்காது. மாடியில் ஒரு அத்தி, ஒரு மல்பெரி, கிரில்லில் கொடித்தோடை. மாமியாருக்கு ஒரு பூவன், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், பக்கக் கன்றுகளை அப்பப்போ எடுத்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. என் வீட்டுக்காரர் இன்னமும் ஆம்ரபாலி டிரம் ஒன்று வைக்கலாமே என்று சொல்லிக்கொண்டிருக்கிறார், அதற்கும் மாடியில் தென்கிழக்கு மூலை காலியாகத்தான் இருக்கிறது.

இரண்டடிக்கு இரண்டடி குழி தோண்டி, கட்டடம் கட்டும்போது போட்ட செங்கல் துண்டும் சிமெண்டுக் கட்டியும் பொறுக்கி எடுத்து, இரண்டு கூடை மக்கிய எருவும் ஒரு கை வேப்பம் பிண்ணாக்கும் போட்டு ஆற விட்டிருக்கிறோம். ஜூன் மழை இரண்டு பெய்ததும் ஹெசரகட்டா போய்க் கன்று எடுத்து வர வேண்டும்.